415 மீட்டர் குறையுது

ரொம்ப நாளா இந்தப் பக்கத்துல தூசி படிஞ்சு கிடக்கு. "எங்கய்யா போனே?"ன்னு நாலு பேர் கேட்டாச்சு. ஓடிக்கிட்டிருந்தேங்க. பேச்சுக்குச் சொல்லலை, நிஜமாவே ஓடிக்கிட்டிருந்தேன் :-)

எல்லாம் ஒரு எண்ணுல ஆரம்பிச்சது. மூணாறு - போடிமெட்டு ரோட்டை அகலப்படுத்தி 2024 ஜனவரி 5-ம் தேதி நிதின் கட்கரி திறந்து வெச்சாரில்லையா, அந்தச் செய்தியில ரோட்டோட நீளம் 41.78 கிலோமீட்டர்னு போட்டிருந்தாங்க. மத்தவங்க படிச்சா ரோடு நல்லாயிருச்சுன்னு சந்தோஷப்பட்டுட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பாங்க. என்னை மாதிரி ஓட்டப் பைத்தியத்துக்கு உடனே கை கால்குலேட்டருக்குப் போகுது. மாரத்தான் 42.195. கழிச்சுப் பார்த்தா 415 மீட்டர் குறையுது.

அப்பவே போடியில இருக்கற கூட்டாளிக்குப் போன் போட்டேன். கூடப் படிச்சவன், ஏலக்காய் வியாபாரம், என்னை மாதிரியே கிறுக்கு.

"மாப்ள, 415 மீட்டர் இடிக்குதுடா."

"இதுல என்ன இருக்கு? மெட்டைத் தாண்டி நம்ம பக்கம் கொஞ்ச தூரம் எறங்கிட்டாப் போச்சு."

அவ்வளவுதான். கேரளாவுல ஆரம்பிச்சுத் தமிழ்நாட்டுல முடியற மாரத்தான். அமைப்பாளர் நாங்க, நடுவர் நாங்க, ஓடறவங்களும் நாங்க ரெண்டே பேர். ரெண்டாம் பரிசு எனக்கு உறுதி.

ஆனா ஓடறதுக்கு முந்தி தடத்தைப் படிக்கணுமே. பரீட்சைக்குப் பாடம் படிக்கிற மாதிரி. எந்த இடத்துல ஏத்தம், எங்க இறக்கம், எங்க வெயில், எங்க தண்ணி, எங்க கால் ஏமாத்தும் - இதெல்லாம் தெரியாம 42 கிலோமீட்டர்ல காலை வெச்சா என்ன ஆகும்னு மாரத்தானோட முதல் பந்தயமே சொல்லியிருக்கு. முதல்ல அந்தக் கதை.

1896 ஏப்ரல் 10. நவீன ஒலிம்பிக்ஸோட முதல் மாரத்தான். மாரத்தான் ஊர்லேருந்து ஏதென்ஸுக்கு, சுமாரா 40 கிலோமீட்டர். வெளிநாட்டுலேருந்து வந்த நாலு பேரும் லேசுப்பட்டவங்க இல்லை. ஆஸ்திரேலியாவோட எட்வின் ஃப்ளாக் அந்த ஒலிம்பிக்ஸ்லயே 800 மீட்டர், 1500 மீட்டர் ரெண்டுலயும் முதலாவது வந்தவர். 1500-ல ரெண்டாவது வந்த அமெரிக்கர் ஆர்தர் பிளேக், மூணாவது வந்த பிரெஞ்சுக்காரர் அல்பான் லெர்மூசியோ, இவங்களும் கோட்டுல நின்னாங்க. நாலாவது ஆள் ஹங்கேரியோட கியூலா கெல்னர். வேகம்னு பார்த்தா முதல் மூணு பேருக்குப் பக்கத்துல நிக்கக்கூட கிரேக்கர்கள்ல ஆள் இல்லை.

ஆனா கிரேக்கர்கள் ஒரு காரியம் பண்ணியிருந்தாங்க. ஒரு மாசத்துக்கு முன்னாடி, அதே ரோட்டுல, அதே தூரத்துக்குத் தேர்வுப் பந்தயம் வெச்சாங்க. அதுல ஜெயிச்சவர் ஹாரிலாவோஸ் வாசிலாகோஸ், 3 மணி 18 நிமிஷம். அது போதாதுன்னு இன்னொரு தடவையும் வெச்சாங்க. அந்த ரெண்டாவது தேர்வுல அஞ்சாவதா வந்தவர் பேர் ஸ்பிரிடான் லூயிஸ். அப்பாவோட சேர்ந்து தண்ணி சுமந்து விக்கிற குடும்பத்துப் பையன்.

அந்தத் தடம் எப்படின்னா, ஆரம்பத்துல கடலோரச் சமவெளி, சப்பையா இருக்கும். அப்புறம் மெதுவா ஏற ஆரம்பிச்சு 31, 32 கிலோமீட்டர் வரைக்கும் ஏறிக்கிட்டே போகும். அதுக்கப்புறம்தான் ஏதென்ஸுக்கு இறக்கம். சமவெளியைப் பார்த்ததும் லெர்மூசியோ பிச்சுக்கிட்டுப் போனார். பாதித் தூரத்துல அவர் கண்ணுக்கெட்டாத தூரத்துல முன்னாடி. அப்புறம் ஏத்தம் வந்தது. 23 கிலோமீட்டர் வாக்குல பிளேக் உக்காந்துட்டார். 32-ல லெர்மூசியோ. கடைசியா முன்னாடி போயிட்டிருந்த ஃப்ளாக் 37-ல சாய்ஞ்சுட்டார். பின்னாலேயே பொறுமையா வந்த லூயிஸ் 2 மணி 58 நிமிஷம் 50 விநாடியில மைதானத்துக்குள்ள நுழைஞ்சார். ரெண்டாவது வாசிலாகோஸ். வெளிநாட்டுக்காரங்கள்ல முடிச்சவர் கெல்னர் ஒருத்தர்தான். வந்த நாலு பேர்ல அவ்வளவு தூரம் முன்னாடி ஓடிப் பழகினவரும் அவர் ஒருத்தர்தான்! (மூணாவதா வந்த இன்னொரு கிரேக்கர் நடுவுல கொஞ்ச தூரம் வண்டியில ஏறி வந்தார்னு தெரிஞ்சு தூக்கிட்டாங்க, அந்த இடம் கெல்னருக்குக் கிடைச்சது. ஆட்டையைப் போடறது அப்பவே ஆரம்பிச்சாச்சு.)

42.195-ங்கற கோணல் கணக்கு 1908 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல வந்தது. வின்ட்சர் கோட்டையில ஆரம்பிச்சு மைதானத்துல ராஜ குடும்பம் உக்காந்திருந்த மாடத்துக்கு எதிர்ல முடிக்கணும்னு அளந்தது. 1921-ல அதையே நிரந்தரமாக்கினாங்க. ராஜா உக்கார்ந்த இடத்துக்காக நாம இன்னமும் ஓடிக்கிட்டிருக்கோம், போகட்டும்.

எங்க தடத்துக்கு வர்றேன். மூணாறுலேருந்து தேவிகுளம் வழியா லாக்ஹார்ட் கேப் வரைக்கும் ஏத்தம். மலையைக் குடைஞ்சு போட்ட ரோடு, 2019, 2020-ல அகலப்படுத்தும்போது பெரிய பெரிய மண்சரிவு நடந்த இடம். அங்கேருந்து பெரியகானல், ஆனையிறங்கல் அணைன்னு சறுக்கிக்கிட்டே இறங்கி, 30 கிலோமீட்டர் வாக்குல பூப்பாறை. பூப்பாறை தாண்டினதும் திரும்ப ஏத்தம். தோண்டிமலை வழியா ஏறி ஏறிப் போடிமெட்டு. அதாவது நல்லா இறங்க விட்டுட்டு, உடம்புல இருக்கறதெல்லாம் தீர்ந்துபோற நேரம் பார்த்து ஏத்தம்.

இதை நோட்டுல படமா வரைஞ்சு பார்த்ததும் எங்கயோ பார்த்த மாதிரி இருந்தது. அட, பாஸ்டன்!

பாஸ்டன் மாரத்தான் 1897-லேருந்து நடக்குது. ஆரம்பத்துலேருந்து பெரும்பாலும் இறக்கம். 26 கிலோமீட்டர் வாக்குல நியூட்டன்ங்கற இடத்துல மேடுகள் ஆரம்பிக்கும். கடைசி மேடு 32 கிலோமீட்டர் தாண்டி. அதுக்குப் பேர் 'ஹார்ட்பிரேக் ஹில்'. பேர் வந்த கதை 1936-ல. டார்சான் பிரவுன்னு செல்லப்பேர் உள்ள எலிசன் பிரவுன், நாராகான்செட் பழங்குடி இளைஞர், முன்னாடி போயிட்டிருந்தார். முந்தின வருஷம் ஜெயிச்ச ஜானி கெல்லி துரத்திக்கிட்டு வந்து இந்த மேடுகள்ல அவரை எட்டிப் பிடிச்சார். தாண்டும்போது, பாவம் இந்தப் பையன் முடிஞ்சான்னு நெனைச்சாரோ என்னவோ, தோள்ல ஒரு தட்டு தட்டிட்டுப் போனார். அந்தத் தட்டு பிரவுனுக்குச் சுருக்குன்னு தைச்சிருச்சு. திரும்ப எழும்பி ஓடி ஜெயிச்சுட்டார். கெல்லி அஞ்சாவதுக்குப் போயிட்டார். பாஸ்டன் குளோப் நிருபர் ஜெர்ரி நேசன், கெல்லியோட மனசு உடைஞ்ச இடம்னு எழுதப்போக, பேர் ஒட்டிக்கிச்சு. கெல்லி பாவம்னு நெனைக்காதீங்க. 1945-லயும் ஜெயிச்சார், மொத்தம் 58 தடவை பாஸ்டனை ஓடி முடிச்சார். தடத்தைத் தெரிஞ்ச மனுஷன்னா அவர்தான்.

இப்ப அந்தப் பிரபலமான மேட்டோட உயரம் என்னன்னு கேட்டா சிரிப்பீங்க. 27 மீட்டர் சொச்சம். எங்க ஊர்ல இதை ஏத்தம்னே சொல்ல மாட்டாங்க. போடி சுமார் 350 மீட்டர் உயரத்துல இருக்கு. போடிமெட்டு 4,500 அடிக்கு மேல. ஆக ஆயிரம் மீட்டர் ஏறணும். ஊர்லேருந்து மெட்டுக்கு 26 கிலோமீட்டர், அதுல முந்தல் செக்போஸ்ட் தாண்டினதும் மலைப்பாதை, 17 கொண்டை ஊசி வளைவு. ஹார்ட்பிரேக்கை ஒண்ணுக்கு மேல ஒண்ணா முப்பத்தேழு தடவை அடுக்கணும்!

அப்புறம் ஏன் உலகத்துல பெரிய பெரிய ஓட்டக்காரங்க பாஸ்டன்ல விழறாங்க? மேட்டுனால இல்லை. மேட்டுக்கு முன்னாடி இருக்கற இறக்கத்துனால. இது எனக்குப் புஸ்தகத்துல புரியலை, தொடையில புரிஞ்சது.

முதல் பயிற்சிக்கு நானும் கூட்டாளியும் முந்தல்லேருந்து ஏறிப் போனோம். ஓட்டமும் நடையுமா புலியூத்து அருவி தாண்டி மேல போய்ச் சேர்ந்து, ஒரு கட்டன் சாயாவைக் குடிச்சுட்டு, "இறக்கம்தானே"ன்னு ரெண்டு பேரும் கை வீசிக்கிட்டு இறங்கினோம். காத்து முகத்துல அடிக்க, பறக்கற மாதிரி. மறுநாள் காலையில கட்டில்லேருந்து எந்திரிக்க முடியலை. அதுக்கு மறுநாள் இன்னும் மோசம். மாடிப்படியைப் பின்பக்கமா இறங்கினேன். வீட்டம்மா அதை வீடியோ எடுத்து சொந்தக்காரங்க குரூப்புக்கே அனுப்பியாச்சு.

காரணம் இதுதான். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குது. இறங்கும்போது அதே தசை நீண்டுக்கிட்டே உடம்பைப் பிடிச்சு நிறுத்துது, பிரேக் மாதிரி. நீளும்போது இழுத்துப் பிடிக்கிறதுனால நுண்ணிய இழைகள் கிழியுது. மூச்சு வாங்காததால நமக்கு உறைக்காது. வலி ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சு உச்சத்துக்கு வரும். ஆனா இதுல ஒரு நல்லதும் இருக்கு. ஒரு தடவை இப்படி அடி வாங்கின தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைச் செஞ்சா அந்த அளவு பாதிக்காது. உடம்பு ஞாபகம் வெச்சுக்குது. ஆக, இறக்கத்துக்குப் பயிற்சி இறக்கம்தான். சமதளத்துல ஆயிரம் மைல் ஓடினாலும் பிரயோசனம் இல்லை.

இதை நான் ஏதோ கண்டுபிடிச்ச மாதிரி அளந்துக்கிட்டிருந்தப்ப அப்பா ஒரே வரியில காத்தைப் பிடுங்கிட்டார்: "இதைத்தானப்பா எங்க ஆத்தா சொல்லும்."

எங்க அப்பத்தா ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவங்க. இப்ப மாதிரி விடியக்காலையில ஜீப்புல ஏறிப் போய் சாயங்காலம் திரும்பற வேலை இல்லை அப்போ. நடந்தே மெட்டு ஏறி, தோட்டத்துல தங்கி, சம்பளம் வாங்கிக்கிட்டு நடந்தே இறங்கறது. வளைவை வளைவா சுத்திக்கிட்டிருக்க மாட்டாங்க, குறுக்குப் பாதையில ஏறிருவாங்க. தலையில சும்மாடு, அதுக்கு மேல சட்டி பானை, அரிசி மூட்டை. மழைக்குக் கொங்காணி. கால்ல ஒண்ணும் கிடையாது.

அப்பத்தா சொன்னதா அப்பா சொன்னது: வருஷத்துல முதல் தடவை இறங்கும்போது தொடை ரெண்டும் கட்டிப்போகும், வெந்நி ஊத்தணும். ரெண்டாவது தடவையிலேருந்து ஒண்ணும் இருக்காது. இறங்கும்போது முட்டியை விறைக்காதே, கொஞ்சம் மடக்கியே வை. எட்டி வைக்காதே, கோழி நடக்கற மாதிரி கிட்டக் கிட்ட வை. நடுவுல உக்காராதே, உக்காந்தா எந்திரிக்க முடியாது.

விளையாட்டு அறிவியல்ல இதுக்கு ஆராய்ச்சிக் கட்டுரைகள் இருக்கு. அப்பத்தா எந்தக் கட்டுரையிலயும் இல்லை.

ஏலச்செடி பார்த்தவங்களுக்குத் தெரியும், காய் கிளையில காய்க்காது. செடியோட தூர்லேருந்து தரையோட படர்ந்து வர்ற சரத்துல காய்க்கும். நாள் பூரா குனிஞ்சும் குத்தவெச்சும்தான் எடுக்கணும். அப்படி வேலை செஞ்ச கால் அது. ஸ்க்வாட்ஸ்னு நாம காசு கொடுத்துக் கத்துக்கறோம்.

இந்த மலை ஏறி இறங்கின கால்களோட கணக்கு யார்கிட்டயும் இல்லைங்கறதுதான் எனக்கு உறுத்தல். ஏலமலை திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துல இருந்தாலும் அங்க வேலை செஞ்சதுல பெரும்பகுதி கம்பம் பள்ளத்தாக்கு ஆட்கள். 19-ம் நூற்றாண்டு கடைசி வரைக்கும் ஏலக்காய் அந்த அரசோட ஏகபோகம். ஏலமலைக்கு சூப்பரின்டெண்டா இருந்த ஜே.டி. மன்றோ 1877-ல பூஞ்சாறு ராஜாகிட்ட கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தது, அதுலேருந்து தேயிலைத் தோட்டம் வந்தது எல்லாம் புஸ்தகத்துல இருக்கு. ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல சுமை தூக்கினவங்க பேர் இல்லை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, தேவாரம்மெட்டுன்னு கீழ இருக்கற ஊருக்கெல்லாம் மேல ஒரு மெட்டு இருக்கே, அந்தப் பேர்கள்தான் மிச்சம். ஒவ்வொரு ஊருக்கும் சொந்தமா ஒரு ஏத்தம்.

ஓட்டத்துக்குன்னே சம்பளம் வாங்கினவங்களும் இருந்தாங்க. திருவிதாங்கூர்ல 'அஞ்சல்'னு தனி தபால் துறை இருந்தது. தபாலைச் சுமந்து ஓடற அஞ்சலோட்டக்காரர் கையில சலங்கை கட்டின கோல் இருக்கும். சத்தம் கேட்டா வழியில போறவங்க ஒதுங்கி நிக்கணும். ஒருத்தர் குறிப்பிட்ட தூரம் ஓடி அடுத்தவர்கிட்ட பையைக் கொடுப்பார். அவரவர் துண்டு ரோடு அவரவர் காலுக்கு அத்துப்படி. 1951-ல அந்தத் துறை இந்தியத் தபால் துறையோட சேர்ந்துருச்சு. (இன்னிக்கு நாங்க ஓடினா லாரிக்காரர்கூட ஒதுங்கறதில்லை. சலங்கை வாங்கலாமான்னு யோசனை.)

வெறுங்கால்னதும் இன்னொருத்தர் ஞாபகம் வருது. ஷிவ்நாத் சிங். பீகார்க்காரர், ராணுவ வீரர். பாதத்துல டேப் மட்டும் ஒட்டிக்கிட்டு ஓடுவார். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸ் மாரத்தான்ல 11-வது. 1978-ல ஜலந்தர்ல 2 மணி 12 நிமிஷம். நாற்பது வருஷத்துக்கு மேல எந்த இந்தியரும் அதை நெருங்கித் தாண்ட முடியலை. நான் என்னடான்னா ஷூவுக்கு எட்டாயிரம் கொடுத்துட்டு நகம் போயிருச்சுன்னு அழறேன்.

சரி, இந்த மலையில இன்னொரு தடமும் இருக்கு. அதைச் சொல்லாம இதை முடிக்க முடியாது.

போடிக்கு மேற்கே கொட்டகுடி, குரங்கணி. அங்கேருந்து செங்குத்தா மேல டாப் ஸ்டேஷன். நடுவுல சென்ட்ரல்னு ஒரு சின்ன ஊர். இங்க எதுக்குய்யா ஸ்டேஷன், சென்ட்ரல்னு பேர்னு சின்ன வயசுல யோசிச்சிருக்கேன். 1902-ல மூணாறுலேருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒத்தைத் தண்டவாள ரயில் போட்டாங்க, மாடு இழுக்கறது. 1908-ல அதை எடுத்துட்டு ரெண்டடி அகலக் குட்டி ரயில். மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன் வரைக்கும் ரயில்ல வரும், அங்கேருந்து ரோப்வேயில தொங்கிக்கிட்டே கொட்டகுடிக்கு இறங்கும். மேல டாப், நடுவுல சென்ட்ரல், கீழ பாட்டம் ஸ்டேஷன். அப்புறம் மாட்டு வண்டியில போடிக்கு. 1924 வெள்ளத்துல குட்டி ரயில் அடிச்சுக்கிட்டுப் போச்சு, திரும்பப் போடவே இல்லை.

ஒரு சின்னத் திருத்தம். "போடியிலேருந்து ரயில்ல ஏத்தினாங்க"ன்னு பல இடத்துல எழுதியிருக்காங்க, நானும் ஒரு பழைய பதிவுல அதையே எழுதித் தொலைச்சிருக்கேன். போடிக்கு ரயில் வந்ததே 1928-ல. குட்டி ரயில்ல வந்து ரோப்வேயில இறங்கின பெட்டி எதுவும் போடியில ரயில் ஏறியிருக்க முடியாது. (அந்தப் போடி ரயிலும் அகலப்பாதைக்காக 2010 கடைசியில நின்னு, 2023 ஜூன்லதான் திரும்ப வந்தது. பன்னிரண்டு வருஷம். நம்ம ஊர் மாரத்தான் அது.)

ரயில் போச்சு, ரோப்வே போச்சு, ஒத்தையடிப் பாதைகள் மட்டும் இருந்தது. அதுலதான் 2018 மார்ச் 11 நடந்தது.

சென்னையிலேருந்தும், ஈரோடு திருப்பூர் பக்கத்துலேருந்தும் வந்த மலையேற்றக் குழுக்கள். நிறையப் பேர் இளம் பெண்கள். முதல் நாள் குரங்கணியிலேருந்து ஏறிக் கொழுக்குமலையில தங்கிட்டு மறுநாள் இறங்கிக்கிட்டிருந்தாங்க. கோடை, ஆள் உயரத்துக்குக் காய்ஞ்ச போதைப்புல், காத்து. மதியத்துக்கு மேல தீ அவங்களைச் சூழ்ந்தது. எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியாம ஓடினவங்க பள்ளத்துலயும் பாறை இடுக்குலயும் மாட்டிக்கிட்டாங்க. மொத்தம் 23 உயிர். மறுநாள் விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது. அதுக்கு முந்தி, அன்னிக்குச் சாயங்காலமே இருட்டுல ஏறிப்போய்க் கம்பளியிலயும் போர்வையிலயும் கட்டித் தோள்ல தூக்கிக்கிட்டு இறங்கினவங்க குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்து ஜனங்க. அந்தச் சரிவுல, அந்த இருட்டுல, ஒரு ஆளைச் சுமந்துக்கிட்டு இறங்கறதுன்னா என்னன்னு இந்த மலையில இறங்கிப் பார்த்தவங்களுக்குத் தெரியும். அவங்க காலுக்குப் பாதை தெரிஞ்சிருந்தது.

அன்னிக்கு இறந்தவங்களைக் குறை சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. அதுக்கு முந்தின வருஷம் கோடையில அதே பாதையில நானே போயிருக்கேன். கையில ஒரு தண்ணி பாட்டில், ஒரு கேமரா. தீ வந்தா எந்தப் பக்கம் போகணும்னு யாரையும் கேக்கணும்னுகூடத் தோணலை. காத்து அன்னிக்குச் சும்மா இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

2024 அக்டோபர்ல தமிழக அரசு மாநிலம் பூரா 40 தடங்களை முறைப்படுத்தி, முன்பதிவு, உள்ளூர் வழிகாட்டிகளோட திறந்தது. அதுல குரங்கணி - சாம்பலாறு தடமும் இருக்கு. வழிகாட்டி கட்டாயம்ங்கறதைப் பார்த்துச் சில ஓட்ட நண்பர்கள் முணுமுணுத்தாங்க, வேகமா ஓட முடியாதாம். நான் வாயைத் திறக்கலை.

எங்க திட்டத்துலயும் முதல்ல ஒரு துண்டு காட்டுப்பாதை இருந்தது. அதை அடிச்சுட்டோம். தார் ரோடு மட்டும். அதுக்குமே நாலு தடவை போய்ப் பார்த்தோம், ஒரு தடவை பைக்குல, ஒரு தடவை பஸ்ஸுல, ரெண்டு தடவை துண்டு துண்டா கால்ல. நோட்டுல எழுதினது: தோட்ட வேலைக்கு ஆள் ஏத்திக்கிட்டு வர்ற ஜீப்புகள் காலையில மெட்டுப் பக்கத்துலேருந்து எதிர்ல வரும், வளைவுல வலது ஓரம். கேப்ல பனி மூடினா பத்தடி தெரியாது, பளிச்சுன்னு சட்டை போடணும். ஆனையிறங்கல் பக்கம் விடியறதுக்கு முந்தி ஓடக் கூடாது.

கடைசி விஷயம் விளையாட்டு இல்லைங்க. அரிக்கொம்பன் ஞாபகம் இருக்கா? சின்னக்கானல் யானை. 2023 ஏப்ரல் கடைசியில பிடிச்சுக் கொண்டுபோய் பெரியாறு காட்டுல விட்டாங்க. ஒரே மாசத்துல கம்பம் டவுனுக்குள்ள வந்து நின்னான். அப்புறம் ஜூன்ல திரும்பப் பிடிச்சு களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனாங்க. ஊரே பயந்து கிடந்தப்ப நான் மனசுக்குள்ள அவன் போன தூரத்தைக் கூட்டிக்கிட்டிருந்தேன். அவன் பேர்ல தப்பில்லை. அவனுக்குத் தெரிஞ்ச தடத்துலதான் நாம வீடும் ரோடும் போட்டிருக்கோம்.

இறக்கப் பயிற்சி மொத்தம் அஞ்சு தடவை. மூணாவதுலேருந்து மாடிப்படியை முன்பக்கமாவே இறங்கினேன். அப்பத்தா கணக்கு சரி.

போன ஜனவரியில ஒரு ஞாயித்துக்கிழமை ஓடினோம். மூணாறுல ஆரம்பிக்கும்போது குளிர்ல பல்லு கிடுகிடுங்குது. கேப் வரைக்கும் பேசிக்கிட்டே போனோம். இறக்கத்துல கூட்டாளி வேகம் எடுக்கப் பார்த்தான். "கோழி நடைடா, கோழி நடை"ன்னு கத்தினேன். பெரியகானல்ல சைக்கிள்ல வந்த ரெண்டு பசங்க கொஞ்ச தூரம் கூடவே வந்து சிரிச்சுட்டுப் போனாங்க. பூப்பாறையில கடலைமிட்டாய், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணி. உக்காரலை.

தோண்டிமலை ஏத்தத்துல ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னு போச்சு. ஓட்டம் நடையாச்சு, நடை இன்னும் மெதுவான நடையாச்சு. ஏலத்தோட்டத்து நிழல்ல மண் வாசனையும் காய் வாசனையுமா வந்தது. 37-ங்கற எண் கைக்கடிகாரத்துல வந்தப்ப ஃப்ளாக்கை நெனைச்சுக்கிட்டேன். தொடை வலிச்சது, ஆனா பிடிச்சு நின்னது.

மெட்டுல கடைக்காரர் ஒருத்தர் எங்களைப் பார்த்ததும் பெஞ்சைத் தள்ளிப் போட்டார். "உக்காருங்க தம்பி, மெட்டு வந்திருச்சுல்ல."

"இன்னும் நானூத்திச் சொச்சம் மீட்டர் இருக்குண்ணே."

"எதுக்கு?"

அதுக்கு அந்த நேரத்துல எங்ககிட்ட பதில் இல்லை. செக்போஸ்ட்டைத் தாண்டி நம்ம பக்கம் இறங்கினோம். தூரத்துல கீழ போடி வெயில்ல வெள்ளையாத் தெரிஞ்சது. முட்டியை மடக்கி, கிட்டக் கிட்ட வெச்சு இறங்கினோம். 42.195. கடிகாரம் 5 மணி 52 நிமிஷம்னு காட்டுச்சு. கூட்டாளி என்னைவிட நாலடி முன்னாடி.

திரும்ப அந்த 415 மீட்டரையும் ஏறித்தான் சாயா குடிக்கப் போகணும்ங்கறதை ரெண்டு பேருமே யோசிக்கலை.